மூளைக் காசநோய்க்கு ஆறு மாதக் கணக்கு ஒத்துவராது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசநோய் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தது உறுத்துகிறது. நுரையீரல் காசநோய்க்கு அது சரி. கிருமி மூளை உறையைப் பிடித்துவிட்டால் குறைந்தது 9 மாதம், பெரும்பாலும் 12 மாதம் சாப்பிட வேண்டும். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு ஓர் ஆறு மாத முறையையும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதில் எத்தம்பியூட்டால் என்ற வழக்கமான மருந்துக்குப் பதில் எத்தியோனமைடு என்ற மருந்து, மருந்துகளின் அளவும் கூடுதல்.

கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தலைவலி, காய்ச்சல், வாந்தி என்று வாரக்கணக்கில் இழுத்தடித்து, ஆள் உளற ஆரம்பித்த பிறகுதான் கோவைக்குக் கார் பிடிக்கிறோம். அங்கே முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து, மருந்து தொடங்கி, சீட்டோடு ஊருக்கு அனுப்புகிறார்கள். அப்புறம் மாத்திரை வாங்குவது கேரளத்துச் சுகாதார நிலையத்தில். எங்கள் உறவில் ஒரு பையன் அப்படித்தான் தேறி வேலைக்கும் போனான். "ஆறு மாசக் கோர்ஸ் முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு?" என்று வீட்டிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். மாத்திரை கொடுக்கும் அக்கா சத்தம் போட்டதால் நிறுத்தவில்லை.

ஏன் இத்தனை மாதம் என்பதை யாரும் விளக்குவதில்லை. ரத்தத்தில் ஓடும் மருந்து எல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாது. ஐசோனியசிடும் பைராசினமைடும் நன்றாகப் போகும். ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான் போகும், எத்தம்பியூட்டாலும் அப்படித்தான். இதில் பைராசினமைடு வழக்கமாக முதல் இரண்டு மாதத்தோடு நின்றுவிடும். பிறகு பெரும்பாலும் ஐசோனியசிடை நம்பித்தான் இருக்க வேண்டும், அதனால்தான் இத்தனை மாதம். கூடவே மூளை வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். உயிரிழப்பைக் குறைக்கும் மருந்து அது. 'ஸ்டீராய்டு கெடுதல்' என்று நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

இன்னொன்று: காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் பதிவு மாநிலம் விட்டு மாநிலம் மாற்றக்கூடியது. கோவையில் பதிந்ததைப் பாலக்காட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணமும் (2024 நவம்பருக்கு முன் 500) சிகிச்சை நடக்கும்வரை உண்டு.

நான் பார்த்த சுகாதார நிலையத்தில் காசநோய்ச் சுவரொட்டி மலையாளத்தில் மட்டுமே இருக்கிறது, அதிலும் ஆறு மாதம் என்றுதான். தமிழர் அதிகமுள்ள சித்தூர் தாலுகாவிலாவது தமிழிலும், மூளைக் காசநோய்க்குத் தனி வரியோடும் ஒட்டலாம். அதற்கு முன் உங்கள் பத்திரிகை ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்