பயிற்சி நாட்களை முன்கூட்டியே அறிவிக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூலூர் விமானப்படைத் தளத்தின் அருகே வசிக்கும் எங்களுக்குப் போர் விமானங்களின் இரைச்சல் புதிதன்று. 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களின் இரண்டாவது படைப்பிரிவு இங்கு தொடங்கப்பட்டதையும், 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' கூட்டுப் பயிற்சிக்காக ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளின் விமானங்கள் வந்திறங்கியதையும் பெருமையோடு பார்த்தவர்கள் நாங்கள். விமானிகள் இடைவிடாது பழகினால்தான் வானைக் காக்க முடியும் என்பதையும் அறிவோம்.

விமானம் ஒலியைவிட வேகமாகப் பறக்கும்போது எழும் அதிர்வலை தரையில் வெடிச்சத்தமாகக் கேட்கும். அப்படியொரு சத்தம் கேட்ட பிற்பகலில் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கலகலத்தன. தொட்டிலில் உறங்கிய பேத்தி வீறிட்டு அழுதாள். எண்பது வயதைக் கடந்த என் தாயார் நிலநடுக்கம் என்றெண்ணிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். சத்தத்தைவிட, அது என்னவென்று தெரியாத அந்தச் சில நிமிடங்களே எங்களை வாட்டுகின்றன.

ஆகவே, பாதுகாப்பு விவரம் எதையும் வெளியிடாமல், இரவுப் பயிற்சி நடைபெறும் நாட்களை மட்டுமாவது மாவட்ட நிர்வாகம் நாளிதழ்கள் வழியாக முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பொதுத்தேர்வு நடைபெறும் காலை வேளைகளில் தாழப் பறப்பதைத் தவிர்க்க இயலுமா என்பதையும் அதிகாரிகள் அன்புடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சூலூர், கோவை மாவட்டம்.