குட்டி கேட்டாயே, அதற்கு முன்னால்

வீரவநல்லூர்,
கார்த்திகை 20

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும், உன் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியுமாம். எனக்குத்தான் கடைசியில் எழுதியிருக்கிறாய்.

இங்கே பிசானத்துக்கு நடவு முடிந்துவிட்டது. இந்த வருடம் மழை ஏமாற்றவில்லை. அருணாசலத்தின் இளைய மகளுக்குத் தையில் கல்யாணம். பத்திரிகை உனக்கும் வரும். வராவிட்டால் நான் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

பேரனுக்குச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டிருந்தாய். நான் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் நாய் செவலை. போன மாதம் அது சாவின் வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அதைச் சொல்லிவிட்டுக் குட்டி விஷயத்துக்கு வருகிறேன்.

விடியற்காலை ஐந்தே முக்கால் இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் உருவ வைக்கோல் போரான படப்புக்குப் போனேன். செவலை எனக்கு முன்னால் ஓடி மூக்கை உள்ளே நுழைத்தது. ஒரே ஒரு கத்தல். உள்ளிருந்து பெரிய சீறல், லாரி டயரில் காற்று இறங்குவதுபோல. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி விரியன், முதுகில் சங்கிலி கோத்ததுபோலத் திட்டுத் திட்டாக. அது தன் போக்கில் வரப்புக்கு இறங்கிப் போய்விட்டது.

இனிமேல் எழுதுவதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது. ஐந்தே முக்காலிலிருந்து எட்டேகால் வரை ஊரில் எல்லாரிடமும் யோசனை கேட்டேன், மருத்துவரைத் தவிர. பக்கத்து வீட்டு மதினி சிறியாநங்கை இலையை அரைத்துக் கொடுத்தாள்; வாயைப் பிளந்து அதைப் புகட்டினேன். என் மைத்துனன் கயிற்றோடு வந்து, கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும் என்றான். கடித்தது மூக்கில். கட்டுவதென்றால் கழுத்தைத்தான் கட்ட வேண்டும். பாம்பு மிச்சம் வைத்ததை அவன் முடித்திருப்பான். வலி தாங்கட்டும் என்று என் மனைவி காய்ச்சல் மாத்திரையைத் தேடினாள். நல்லவேளை, டப்பா காலி. "நாய்தானே, தானாகத் தேறிவிடும்" என்று நாலு பேர் சொன்னார்கள். சொல்லப்போனால் நானும் மனதுக்குள் செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டு மணிக்கு அதன் முகம் பலாக்காய்போல வீங்கிவிட்டது. ஈறிலிருந்து இரத்தம் வடிந்தது. துடைத்தால் நிற்கவில்லை, மெதுவாக ஊறிக்கொண்டே இருந்தது. கிடந்த இடத்திலேயே சிறுநீர் போனது, அதுவும் சிவப்பாக. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஆட்டோக்காரர் இரண்டு பேர் நாயை ஏற்ற மாட்டேன் என்றார்கள். வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோதான் கிடைத்தது. பழைய துப்பட்டியை விரித்து அதன்மேல் செவலையைச் சரித்து, நாலு முனையையும் பிடித்துத் தூக்கினோம். தூக்கும்போது என் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. எட்டு வருடம் என் கையால் சோறு தின்ற நாய்! வலியில் அதற்கு ஆள் தெரியவில்லை. பிறகு நானும் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டேன்.

சேரன்மகாதேவி, பேட்டை வழியாக ராமையன்பட்டிக்குப் போனோம். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2012-இல் தொடங்கியது. நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தது. மருத்துவர் சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முன்னங்காலில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசைமேல் அசையாமல் வைத்தார். 20 நிமிடம். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்ததும் எடுத்துச் சரித்தார். இரத்தம் தண்ணீர்போல ஓடியது. நல்ல இரத்தமென்றால் இதற்குள் உறைந்து கட்டியாகியிருக்குமாம். விரியன் நஞ்சு அந்த உறையும் சக்தியைத் தின்றுவிடுகிறது என்றார்.

மனிதருக்குப் போடும் அதே நஞ்சுமுறிவு மருந்துதான் நாய்க்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே குப்பி. பாம்பை அடித்துக் கொண்டுவரவில்லையே என்று நான் வருந்தினேன். தேடி அடிக்கும் நேரத்தில் வந்து சேர்ந்திருக்கலாமே என்றார். சிறியாநங்கையைச் சொன்னபோது முகம் மாறிவிட்டது. வீங்கிய தொண்டையில் ஊற்றுவது நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது அது வந்த வழியையும் சொன்னார். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-இல் ஏற்பட்டது. அவர்கள் பாம்பைப் பிடித்து நஞ்சு எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். எங்கோ ஓர் இருளர், எங்கோ ஒரு குதிரை. நான் என்னடாவென்றால் வீட்டு வாசலில் நின்று இரண்டரை மணி நேரம் கணக்குப் போட்டிருக்கிறேன்.

சிறுநீரகம் கெடாமல் இருக்கிறதா என்று அடுத்தடுத்து மூன்று நாள் இரத்தம் பார்த்தார்கள். தப்பித்துவிட்டது. மேல் உதட்டில் ஒரு துண்டு அழுகி விழுந்துவிட்டதால் எப்போதும் ஒரு பல் வெளியே தெரிகிறது. என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருக்கிறது என்கிறாள் மனைவி.

இப்போது உன் விஷயம். அடுக்குமாடியில் சிப்பிப்பாறையா என்பதே எனக்குச் சம்மதமில்லை. அது முயலைத் துரத்தி ஓடிய சாதி. லிஃப்டில் ஏறி இறங்கி என்ன செய்யும்? சரி, பேரன் ஆசை. ஆனால் கூண்டும் கழுத்துப்பட்டியும் வாங்குவதற்கு முன்னால், உன் வீட்டிலிருந்து எந்த மருத்துவர் எவ்வளவு தூரம், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பாரா, அந்த நேரத்தில் நாயை ஏற்ற வண்டி எது என்று விசாரித்து எழுது. இங்கே பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐ அழைத்தோம், வண்டி தொழுவத்துக்கே வந்தது. பசுவுக்கு வந்த அந்த யோசனை நாய்க்கு எனக்கு வரவில்லை பார்.

கோவில்பட்டிப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் ஒரு தாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. ஒரு கடுவனை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் கொடுக்கவில்லை, உன் பதில் வந்தால்தான் கொடுப்பேன்.

செவலை இப்போதெல்லாம் படப்புக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொள்கிறது. நான் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கோல் உருவ வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒற்றைப் பல்லைக் காட்டிக் குரைக்கிறது.

அன்புடன்,
முருகையா