செயினை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்று. மெக்கானிக் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்விளிம்பில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. அதோடு ஓடிய பற்களும் கொக்கி போல் வளைந்திருக்கும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே தேயும். முன், பின் ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வாங்கும்போது எண் முக்கியம். 428 செயினின் பிட்ச், அதாவது கண்ணிகளை இணைக்கும் அடுத்தடுத்த இரு ஆணிகளின் இடைத்தூரம், அரை அங்குலம். 520 என்றால் 5/8 அங்குலம். ஒன்றின் பல்லில் மற்றது உட்காராது. அப்புறம், செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பின்மேல் போடும் கிளிப் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டதால் ஓட்டத்திலேயே கழன்ற செயின்களைப் பார்த்திருக்கிறேன். கழன்ற செயின் சிக்கிப் பின்சக்கரம் இறுகினால் உயிருக்கே ஆபத்து.

- ஒரு மெக்கானிக்