இழுத்துவர ஒரு கலம் எப்போது? விண்வெளித் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய விண்வெளித் துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நம் நாட்டின் இடம் காட்டும் செயற்கைக்கோள் வரிசையான நாவிக்குக்காக ஏவிய என்விஎஸ்-02 பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜனவரி 29, ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல். ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. சூரியத் தகடுகள் விரிந்தன, தரையோடு தொடர்பும் கிடைத்தது. பாதையை உயர்த்தும் இன்ஜினின் வால்வு திறக்கவில்லை. போக வேண்டிய உயரத்துக்கு அது போகவே இல்லை.

எங்கள் கடலில் இன்ஜின் நின்றுபோன படகைப் பக்கத்துப் படகு கயிறு கட்டி இழுத்துவரும். மேலே அந்தப் பக்கத்துப் படகுதான் இல்லை. நான் கேட்பது அதைத்தான்: இழுக்கவும், எரிபொருள் ஊற்றவும், பழுது பார்க்கவும் ஒரு ரோபோ கலம். அது எந்த வருடம் கிளம்பும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

ஆகாத காரியம் இல்லை. 2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற அமெரிக்கக் கலம், எரிபொருள் தீரும் நிலையிலிருந்த இன்டெல்சாட் 901-ஐப் பிடித்துக்கொண்டு, ஐந்து வருடம் அதற்கு இன்ஜினாகவே இருந்தது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செத்துப்போன பெய்டோ என்ற அவர்களுடைய இடம் காட்டும் செயற்கைக்கோள் ஒன்றை மற்றவற்றின் பாதையிலிருந்து விலக்கி மேலே கொண்டுபோய் விட்டது. நீங்களும் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் என்ற சோதனையில் இரண்டு கலங்களை விண்வெளியிலேயே இணைத்தீர்கள். அவற்றைச் சுமந்துபோன ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில், திருவனந்தபுரத்தில் செய்த, நடக்கக்கூடிய இயந்திரக் கை ஒன்று இயங்கிக் காட்டியது. இன்னொன்று விண்வெளிக் குப்பையைப் பிடிக்கும் ஒத்திகை பார்த்தது. வீடியோ பார்த்துக் கைதட்டினோம். அப்புறம்?

எங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் தூண்டிலும் வலையுமாக லட்சத்தீவு தாண்டியும் போகிறவர்கள். அங்கே கரையிலிருந்து வயர்லெஸ் எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது என்ன நடந்தது என்பதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகுதான், செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை வாங்கிப் போனில் காட்டும் செய்திப் பெட்டிகள் படகுகளுக்கு வந்தன.

ராத்திரியில் படகை ஓட்டும் ஸ்ராங்கின் கைக்கெட்டும் இடத்தில், பாலிதீன் பைக்குள் போன் தொங்கும். செய்தி வந்தால் காற்று வருகிறது என்று தெரியும். வராவிட்டால்? கடல் அமைதி என்று எடுத்துக்கொள்வதா, பெட்டி போய்விட்டது என்றா, மேலே ஏதோ ஓய்ந்துவிட்டது என்றா? ஒருவன் கூரையில் ஏறி ஆன்டெனாவில் படிந்த உப்பைத் துடைப்பான். இன்னொருவன் பாட்டரி வயரைக் கழற்றி மாட்டுவான். அப்படியும் சத்தமில்லை என்றால் மேகத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான், எங்கள் தாத்தா செய்ததுபோல. கரைக்கு வந்து விசாரித்தால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும்.

இடம் காட்டும் வேலைக்கு நாவிக்கில் நான்கு செயற்கைக்கோள்களே இருப்பதாக 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. குறைந்தது நான்கு வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முதல் வரிசையில் போனவற்றுக்கு ஆயுளே பத்து வருடம். 2013-இல் தொடங்கி ஏவியவை. ஒன்று மண்டையைப் போட்டால் புதிதாகச் செய்து, ராக்கெட் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

2019 மார்ச் 27-இல் நம் செயற்கைக்கோளை நாமே ஏவுகணையால் அடித்து நூற்றுக்கணக்கான துண்டுகளாக்கினோம். அது பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ செய்தது, எங்களைக் கேட்காதே என்பீர்கள். சரி. உடைக்க நாள் குறித்த நாட்டுக்கு, பழுது பார்க்க நாள் குறிக்க முடியாதா? தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் மணலை ஒழுங்காக அள்ளவே வழியில்லாதபோது, 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ரோபோ கேட்பது பேராசை என்றும் சிலர் சிரிப்பார்கள். மணல் உங்கள் வேலை இல்லை, தெரியும். கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2030-க்குள் குப்பையில்லாத விண்வெளிப் பயணங்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். நல்லது. அதோடு இரண்டைச் சேர்க்கப் பணிவுடன் கேட்கிறேன். பழுது பார்க்கும் கலத்துக்கு ஒரு தேதி. இனி ஏவும் ஒவ்வொரு நாவிக் செயற்கைக்கோளிலும், பின்னால் வரும் ரோபோ பிடிக்க ஒரு பிடியும் எரிபொருள் ஊற்ற ஒரு வாயும். பிடி இல்லாமல் மேலே போனதை எவ்வளவு கெட்டிக்கார ரோபோவாலும் சுலபமாகப் பிடிக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இஸ்ரோவின் தலைவர் நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர், 2018 முதல் 2022 வரை தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர். இந்த மாவட்டத்துக் கடலை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பதிலைத் தமிழிலேயே அனுப்பினால், ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவோம். தேதியும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர் குடும்பத்தில் ஒருவன்