ஊராட்சித் தேர்தல் எண்ணிக்கையில் மறுஎண்ணிக்கை விண்ணப்பங்களுக்கு எண்ணும் மேசையிலேயே எழுத்து மூலம் ஆணை வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் வாக்கு எண்ணும் முகவர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் மற்றும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள்,
சேலம்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்து மலைக்கிராமம் ஒன்றில் காப்பித் தோட்ட வேலையும் சிறிதளவு மிளகு வெள்ளாமையும் செய்து பிழைக்கும் மலையாளி பழங்குடியினன் நான். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு என் அண்ணி போட்டியிட்டார். அவருக்கு வாக்கு எண்ணும் முகவராக நான் இருந்தேன். நான்கு வாக்குகளில் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த முடிவை மாற்றித் தருமாறு இப்போது கேட்கவில்லை. அன்று தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்து நடைபெறும் தேர்தலில் இதே நிலை வேறொருவருக்கு வராதிருக்க, தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட சிலவற்றைச் செய்து தருமாறு கேட்கவே இம்மனுவை அளிக்கிறேன்.

2020 ஜனவரி 2ஆம் தேதி காலை எண்ணிக்கை தொடங்கியது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என ஒவ்வொரு வாக்காளரும் நான்கு நிறச் சீட்டுகளைப் போட்டிருந்ததால், அவற்றை நிறவாரியாகப் பிரித்துக் கட்டுவதிலேயே பெரும்பொழுது கழிந்தது. எங்கள் ஊராட்சியின் முறை வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. எண்ணியவர்களும் முந்தைய நாளெல்லாம் உறங்காதவர்கள்தாம், அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் செல்லாதவை என்று ஒதுக்கிய 37 இளஞ்சிவப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டாமல், கட்டாகத் தூக்கிக் காட்டிவிட்டு உறையில் இட்டார்கள். மேலாக இருந்த இரண்டு மூன்று சீட்டுகள் மட்டும் என் கண்ணில் பட்டன. அவற்றில் ஒன்றில், ஒரு சின்னத்தின்மீது முத்திரை தெளிவாக விழுந்திருக்க, சீட்டை மடித்தபோது ஈரமை ஒற்றியதால் எதிர்ப்பக்கத்தில் தலைகீழான மங்கல் தடம் ஒன்றும் இருந்தது. அதை இரண்டு பேருக்குப் போட்ட ஓட்டு என்று தள்ளியிருந்தார்கள். வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் அச்சீட்டைத் தள்ளக் கூடாது என்பது சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1961ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ள நெறி. அந்தச் சீட்டு யாருக்கு விழுந்தது என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. எதிர்த்தரப்புக்கு விழுந்ததாகவும் இருந்திருக்கலாம்.

மறுபடி எண்ணுமாறு வாயால் கேட்டேன். அடுத்த ஊராட்சியின் பெட்டிகள் காத்திருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏற்பதாகவோ மறுப்பதாகவோ ஓர் ஆணையும் தரவில்லை, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் இல்லை. சிறிது நேரத்தில் வெற்றிச் சான்றிதழ் வழங்கப்பட்டது.

முடிவு அறிவிக்கப்பட்ட பின் அதை எதிர்க்க ஒரே வழிதான் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 243-ஓ பிரிவு மற்ற வழிகளை அடைக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன் 258ஆம் பிரிவின்படி 45 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனு தாக்கல் செய்ய வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் நாள்கூலியை விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அஸ்தம்பட்டி நீதிமன்றத்துக்கு அலைந்து, கெடுவுக்குள் மனுவைக் கொடுத்தோம். அங்கே எங்களிடம் கேட்கப்பட்டது நியாயமான கேள்வி: எந்த வாக்குச்சாவடிச் சீட்டு, எத்தனை, எக்காரணத்துக்காகத் தவறாகத் தள்ளப்பட்டது? வாக்கின் இரகசியத்தைக் காக்கும் பொருட்டு, வெறும் ஐயத்தின் பேரில் வாக்குச்சீட்டுக் கட்டுகளைப் பிரிக்க அனுமதிக்கலாகாது என்பது 1964ஆம் ஆண்டின் ராம் சேவக் யாதவ் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லி வருவது. காட்டப்படாத சீட்டைப் பற்றி நாங்கள் எப்படி விவரம் எழுதுவது? அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கும் வந்தது. வாய்தா மேல் வாய்தாவாகப் பதவிக்காலமே முடிந்து, மனு பயனற்றதாகித் தள்ளுபடியானது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. 2016இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் 49 வாக்குகள். தள்ளப்பட்ட 203 அஞ்சல் வாக்குகள் பற்றியதே முக்கிய வழக்கு. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி எண்ணியும், உச்ச நீதிமன்றத்தின் தடையால் முடிவு வெளிவராமலே அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிந்தது. ஹரியானாவின் புவானா லாக்கு என்ற சிற்றூரில் 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு, 2025 ஆகஸ்டில் இயந்திரங்களை உச்ச நீதிமன்றத்துக்கே வரவழைத்து எண்ணினார்கள். தோற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தவர் 1,051 வாக்குகளும் பதவியில் இருந்தவர் 1,000 வாக்குகளும் பெற்றிருந்தது தெரிந்தது. அவ்வூரார் பெற்ற நீதியும் இரண்டே முக்கால் ஆண்டுக்குப் பிந்தியது. அதுவும் தில்லி அவர்களுக்குப் பக்கம்.

எங்கள் ஊராட்சியில் வென்றவரும் எங்களுக்குப் பங்காளி முறைதான். ஐந்தாண்டும் அவரை ‘நாலு ஓட்டுத் தலைவர்’ என்றே ஊர் அழைத்தது. குடிநீர்த் தொட்டிக்கு இடம் பார்த்தாலும், தெருவிளக்குப் போட்டாலும் அந்த நாலு ஓட்டு குறுக்கே வந்து நின்றது. ஊர்க்கவுண்டர் கூட்டிய பேச்சிலும் தீரவில்லை. அன்று அரை மணி நேரம் செலவிட்டு மறுபடி எண்ணியிருந்தால், அவர் வென்றவராகவே இருந்திருப்பார் என்றுகூட நான் நினைக்கிறேன். அந்த உறுதி அவருக்கும் கிடைக்காமல் போனது.

ஆகவே, தங்கள் மாவட்டத்தில் எண்ணும் பணிக்கு நியமிக்கப்படும் அலுவலர்களுக்குப் பயிற்சியின்போதே எழுத்து மூலம் அறிவுறுத்துமாறு வேண்டுகிறேன். செல்லாதது என ஒதுக்கும் ஒவ்வொரு சீட்டையும் முகவர்கள் பார்க்கும்படி காட்டி, காரணத்தைச் சீட்டின் பின்புறம் எழுதி, வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கையைக் குறித்து முகவர்களுக்கு நகல் தர வேண்டும். மொத்த எண்ணிக்கையை வாசித்த பின், மறுஎண்ணிக்கை கேட்க முகவருக்கு அவகாசம் கொடுத்து, விண்ணப்பத்துக்கு நேரம் குறித்த ஒப்புகையும், ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்துடன் கூடிய ஆணையும் வழங்கிய பிறகே முடிவை அறிவிக்க வேண்டும். வித்தியாசத்தைவிடத் தள்ளப்பட்ட சீட்டுகள் மிகுதியாக உள்ள இடத்தில், அந்தச் சீட்டுகளையேனும் மறுபடி பார்க்க மறுக்கக் கூடாது. தேர்தல் மனு நிலுவையில் உள்ள ஊராட்சிகளின் வாக்குச்சீட்டுக் கட்டுகளும் எண்ணும் மையத்தின் கேமராப் பதிவுகளும் வழக்கு முடியும்வரை அழிக்கப்படாமல் காக்கப்பட வேண்டும். மலை ஊராட்சிகளை இரவு கடைசியில் எண்ணாமல் பகலிலேயே எடுத்துக்கொண்டால் பேருதவியாக இருக்கும். கடைசிப் பேருந்து போன பின் எங்கள் முகவர்களில் பாதிப்பேர் மையத்தில் இருப்பதில்லை.

இவற்றில் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் ஆணை தேவைப்படுபவை இருப்பின், தங்கள் பரிந்துரையுடன் ஆணையத்துக்கு அனுப்பி, எடுக்கப்பட்ட நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: 03.01.2020 அதிகாலை அளித்த மறுஎண்ணிக்கை விண்ணப்பத்தின் கைநகல் (ஒப்புகை இல்லாதது).