தையல் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: பை விலையும் பாக்கிச் சந்தாவும்

தலைவர் அக்காவுக்கும், பொருளாளருக்கும், இன்று வந்திருக்கிற பதினைந்து பேருக்கும், வர முடியாமல் வாட்ஸப்பில் இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. செயற்குழு ஒன்பது முறை கூடியது. ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பொட்டு வைத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. பழைய ஓவர்லாக் மெஷினுக்கு மோட்டார் மாற்றினோம். புதிதாக இரண்டு பேர் சேர்ந்ததில் இப்போது மொத்தம் 34 உறுப்பினர்கள். மழையில் ஒழுகிய கூரைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறோம், ஓடு மாற்ற இன்னும் வழியில்லை.

மற்றவற்றை இதோடு விட்டுவிட்டு, தாம்பூலப் பையின் விலையை 25 ரூபாயிலிருந்து 35 ஆக ஏற்றிய விஷயத்துக்கு வருகிறேன். வருடம் முழுக்க என் பெயர் அடிபட்டது அதில்தான். "செயலாளர் விலையை ஏத்தி ஆர்டரைக் கெடுத்துட்டாங்க" என்று சொன்னவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் பதிலைச் சபையில் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்.

2019 ஜனவரி 1இல் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது நமக்கு ஆர்டர் வந்து குவிந்தது நினைவிருக்கும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கிய பிறகு, மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காடு என்று சொன்ன வீடுகளே கல்யாணத் தாம்பூலத்துக்குத் துணிப்பை கேட்டு வந்தன. அப்போது வந்த ஆர்டரை விடக்கூடாதே என்று யாரோ ஒருவர் 25 ரூபாய் என்று சொன்னார், அதுவே விலையாக நின்றுவிட்டது. அந்த 25 எப்படி வந்தது என்று நான் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில் அந்த விலைக்குக் கொடுத்தார்கள் என்பதைத் தவிர யாரிடமும் வேறு பதில் இல்லை.

போன புரட்டாசியில் ஒரு நோட்டுப் போட்டேன். மூன்று வாரம், யார் தைத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து எழுதினேன். சிலருக்கு அது எரிச்சலாக இருந்தது தெரியும். உங்களை வேகம் பார்க்க அல்ல, ஒரு பைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். தாம்பூலப் பை ஏழு நிமிஷத்தில் ஆகிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். மெஷினில் ஓடுகிற நேரம் மட்டும்தான் ஏழு நிமிஷம். துணி விரித்து வெட்டுவது, வாய் மடித்து இஸ்திரி போடுவது, பாபின் மாற்றுவது, நூல் நறுக்குவது, திருப்பி எண்ணிக் கட்டுவது எல்லாம் சேர்த்தால் 12 நிமிஷம் ஆகிறது. லைனிங் வைத்த சுங்குடிச் சுருக்குப்பைக்கு 25 நிமிஷம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வைக்கக் கேட்கிற, அடிப்பாகம் அகலமான பைக்கு 35 நிமிஷம்.

அப்புறம் துணிக் கணக்கு. பத்து அங்குல அகலம், பன்னிரண்டு அங்குல உயரப் பைக்கு, வாய் மடிப்பும் தையலும் சேர்த்து 11க்கு 27 அங்குலம் வெட்ட வேண்டும். 44 அங்குல அகலக் காடாத் துணியில் (வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி) குறுக்கே நாலு பை சரியாக அமையும், பத்து மீட்டரில் 56 பை. மீட்டர் 70 ரூபாய் என்றால் ஒரு பைக்குத் துணி மட்டும் 12.50. கைப்பிடி நாடா 3, நூல் 1, பிரிண்ட் 4. ஆக 20.50 ரூபாய் பொருளுக்கே போய்விடுகிறது. 25க்கு விற்றால் தைத்த கைக்கு மிஞ்சுவது நாலரை ரூபாய். மணிக்கு ஐந்து பை, அதாவது மணிக்கு 22.50 ரூபாய். அதிலும் கரண்ட் பில், மெஷின் ரிப்பேர், ஆட்டோ எதுவும் கழிக்கவில்லை. அதையெல்லாம் சந்தாவிலிருந்து கட்டிக்கொண்டிருந்தோம். வாங்குகிறவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் சந்தா கட்டியிருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

அதனால் எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாயாவது கூலி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பொருள் 20.50, கூலி 10, கரண்டும் ரிப்பேரும் போக்குவரத்தும் 2.50, சங்கத்துக்கு 2. மொத்தம் 35. ஐப்பசிக் கூட்டத்தில் இதைப் பலகையில் எழுதிக் காட்டினேன், அன்று வந்திருந்த 13 பேரும் கை தூக்கினார்கள். வராத 21 பேர் பிறகு "எங்களைக் கேட்கவில்லை" என்றார்கள். கூட்டத்துக்கு எட்டு நாள் முன்பே எல்லோருக்கும் தகவல் போயிருக்கிறது, ரெஜிஸ்டரில் கையெழுத்தும் இருக்கிறது.

ஆர்டர் குறைந்தது உண்மைதான், மறைக்க மாட்டேன். வருடத்தின் முதல் பாதியில் கையில் ஆர்டர் அதிகமில்லாததால் புது விலை வந்த பிறகுதான் பெரும்பாலான பைகள் போயின. போன வருடம் 6,200 தாம்பூலப் பை, இந்த வருடம் புது விலையில் 4,300 (அதற்கு முன் பழைய விலைக்குப் போன கொஞ்சம் இந்தக் கணக்கில் இல்லை). ஆனால் கூலியாகக் கைக்கு வந்தது போன வருடம் 27,900 ரூபாய், இந்த வருடம் 43,000. உழைத்த நேரம் 1,240 மணியிலிருந்து 860 மணியாகக் குறைந்திருக்கிறது. மிச்சமான நேரத்தில் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தோம், சிலர் பிளவுஸ் தைத்துத் தனியாகச் சம்பாதித்தார்கள். இதை ஆர்டரைக் கெடுத்தது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

இனி சொல்லப் போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தை மாதம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்கு 500 பை கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். 35 என்றோம், யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். நம் உறுப்பினர் ஒருவரே அவர்களைப் பின்னால் போய்ப் பார்த்து 24க்கு எடுத்துக்கொண்டார். 500 பைக்குப் பொருள் போக மிஞ்சுவது 1,750 ரூபாய், வேலை 100 மணி நேரம். மணிக்குப் பதினேழரை ரூபாய். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது 180 பை பாக்கி. இரவு ஒன்பது மணிக்கு என் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றார். பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது அக்கா என்றார். நானும் இன்னும் இரண்டு பேரும் விடிய விடிய உட்கார்ந்து தைத்துக் கொடுத்தோம். ஆனால் அவர் ஏற்கெனவே தைத்து வைத்திருந்த பைகளில் கைப்பிடிக்குக் குறுக்குத் தையல் போடாமல் ஒரே நேர்த்தையலில் விட்டிருந்தார், நேரமில்லை பாவம். மண்டப வாசலில் தேங்காய் கனத்துக்குக் கைப்பிடி பிய்ந்து, வெற்றிலையும் பழமும் தரையில் விழுந்திருக்கிறது. அந்த வீட்டார் நம் சங்கத்துப் பை என்றுதான் ஊரெல்லாம் சொன்னார்கள்.

பணம் அவசரமாக வேண்டும் என்றால் சங்கத்தில் கேளுங்கள். கையிருப்பு குறைவுதான், ஆனாலும் ஏதாவது செய்திருப்போம். நாமே நமக்குள் விலையைக் குறைத்துக்கொண்டால் வெளியே யாரிடம் போய் 35 கேட்பது?

விலை சொல்வதில் இந்த வருடம் நான் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறேன், அடுத்து யார் செயலாளராக வந்தாலும் உதவும். புரட்டாசிக் கொலு சமயத்தில் போட்ட கண்காட்சிக் கடையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "துணிப்பை கடையில இருபது ரூபாய்க்குக் கிடைக்குதே?" அது துணி இல்லை, நெய்யாமல் அழுத்திச் செய்த பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். நான் அந்தப் பையில் ஒரு ஓரத்தையும் நம் காடாவில் ஒரு நூலையும் தீக்குச்சியில் காட்டினேன். அது உருகி மணி மாதிரி உருண்டது, நம்முடையது காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாக உதிர்ந்தது. பார்த்தவர்களில் பாதிப்பேராவது வாங்கினார்கள். பேரம் பேசுகிறவர்களிடம் கோபப்படாமல் துணி இவ்வளவு, நாடா இவ்வளவு, கூலி இவ்வளவு என்று ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடுவது நல்லது. அதைப் படித்த பிறகு கூலியில் குறையுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கட்டாயம் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பையின் அளவைக் குறைக்கலாம், பிரிண்டை விடலாம், கூலியைத் தொடக்கூடாது.

அந்தக் கடைக்கு நான்கு நாளும் முறை வைத்து வருவதாக 11 பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் மூன்று பேர். மூன்றாம் நாள் மத்தியானம் நான் சாப்பிடப் போகக்கூட ஆள் இல்லாமல் பக்கத்து ஊறுகாய்க் கடைக்கார அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன்.

இன்னொன்று, பெயர் பிரிண்ட். பெண் மாப்பிள்ளை பெயர் போட்ட 150 பையை ஒரு வீட்டார் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கிற நிலைமை இல்லை, கல்யாணமே நின்றுவிட்டது. அந்தப் பைகளைப் பிரித்து, எழுத்து இருந்த பாகத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தில் சின்னச் சுருக்குப்பை தைத்தோம். இனிமேல் பாதி முன்பணம், பிரிண்ட் பணம் முழுவதும் முன்பே என்று வைத்திருக்கிறோம். பெயரைப் பெரிதாக நடுவில் போடாமல் கீழே ஓரத்தில் சின்னதாகப் போடச் சொல்லியும் பார்க்கிறேன். நடுவில் பெயர் உள்ள பையை வாங்கிப் போகிறவர்கள் பரணில் போட்டுவிடுகிறார்கள், ஓரத்தில் இருந்தால் காய்கறிக்கு எடுத்துப் போவார்கள். தை மாதம் அப்படிப் போட்ட பை ஒன்றைப் பங்குனியில் மார்க்கெட்டில் ஒருவர் கையில் பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது.

துணியை மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கினால் மீட்டருக்கு 82 வரை கேட்கிறார்கள். ஈரோட்டில் திங்கள் சாயங்காலம் தொடங்கிச் செவ்வாயில் முடிகிற சந்தையில் 70க்குக் கிடைத்தது. ஆனால் 150 மீட்டராவது எடுத்தால்தான் பஸ்ஸும் பார்சலும் போக மிஞ்சும். நானும் பொருளாளரும் மூன்று முறை போய் வந்தோம், போக்குவரத்துக்கு மேல் சங்கத்திலிருந்து எதுவும் வாங்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக, பை விற்றதில் வந்தது கூலிக்கும் துணிக்கும் போனது போக, கையிருப்பு மூன்று மாத வாடகைக்கு வரும். வங்கிப் புத்தகமும் ரசீதுகளும் மேஜை மேல் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சந்தா மாதம் 50 ரூபாய். 34 பேருக்கும் வருடத்துக்கு 20,400 வர வேண்டும், வந்தது 11,850. 19 பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் ஐந்து பேர் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. கஷ்டம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் பாக்கி வைத்திருக்கிற சிலர் இதே வருடம் கூலியாக இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள், கூலியிலேயே பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மொத்தமாக முடியாதவர்கள் மாதம் நூறு நூறாகக் கட்டினாலும் போதும்.

இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும், பிரிண்ட் கடனுக்குப் போட்டுக் கொடுத்தவருக்கும், கணக்குப் பார்த்துக் கொடுத்த ஆடிட்டருக்கும், தலைவர் அக்காவுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி. இரவு கண்விழித்துத் தைத்த அந்த இரண்டு பேருக்குத் தனியாக நன்றி.

அடுத்த வருடம் இந்தப் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷமாகக் கொடுப்பேன். எடுக்க ஆளில்லை என்றால் நானே பார்க்கிறேன், ஆனால் தனியாக முடியாது. நேர நோட்டு அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு 300 பை, 35 ரூபாய் விலைக்கே, முன்பணம் வந்துவிட்டது. ஆடியில் வேலை இருக்காது என்று ஊருக்குப் போக நினைத்தவர்கள் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். காடா முதல் நனைப்பில் சுருங்கும் என்பதால் துணியை நேற்றே ஊறப்போட்டுப் பிழிந்து மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெட்ட ஆரம்பிக்க வேண்டும், குறைந்தது ஆறு பேர் வேண்டும். வருகிறவர்கள் ஞாயிறு ராத்திரிக்குள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்