ஸ்டெல்லாவுக்கு, அலாஸ்கா பயணம் பற்றி

தக்கலை

அன்புள்ள ஸ்டெல்லா,

நாங்கள் நலம். நீயும் மகனும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே விடாத மழை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது, இவருக்கு முட்டுவலி கூடியிருக்கிறது. தங்கம் டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு திருவனந்தபுரம் போய்விட்டார். மற்ற கதையெல்லாம் பிறகு. இப்போது எழுதுவது வேறு விஷயம், உட்கார்ந்து நிதானமாகப் படி.

அடுத்த ஜூன் கடைசியில் மகள் எங்களை அலாஸ்காவுக்குக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறாள். ஏழு ராத்திரி. "ஸ்டெல்லா சித்தியும் வரட்டும்மா" என்று அவளே சொல்லிவிட்டாள். ஆக, நீயும் வருகிறாய். ஏட்டி, உடனே கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. கடலென்றால் உனக்கு என்னவென்று எனக்குத் தெரியாதா? அதற்கு வருகிறேன்.

எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பனியாறு நடத்தியிருப்பேன்! பெய்த பனி மேலும் மேலும் சேர்ந்து, தன் பாரத்தாலேயே கட்டியாக இறுகி, அடியிலிருக்கும் மலையை அரைத்துக்கொண்டு மெல்ல இறங்கி வரும் என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னதோடு சரி. அந்தப் பனியாறு கடலில் வந்து முடிகிற இடத்தில், கண்ணெதிரே ஒரு துண்டு உடைந்து விழுவதைப் பார்க்கலாம் என்றால் எனக்குத் தூக்கம் வருமா? மகள் சொன்ன நாளிலிருந்து இதே வேலையாக இருக்கிறேன். வரைபடத்தை மேஜையில் விரித்தது விரித்தபடி கிடக்கிறது. இவர் சாப்பாட்டுத் தட்டை வைக்க இடமில்லை என்கிறார்.

வீட்டில் சண்டை எதிலென்றால், எந்தக் கப்பல் என்பதில். பெரிய பேரனுக்கு ஒன்பது வயது. அவன் ராயல் கரீபியன் கம்பெனியின் பெரிய கப்பலைப் பார்த்து வைத்திருக்கிறான். கண்ணாடிக் கூண்டில் ஆளை ஏற்றி, கடலுக்கு மேல் தொண்ணூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவார்களாம். கப்பலுக்குள்ளேயே மோதும் கார். ஒரே கப்பலில் நாலாயிரம் பேருக்கு மேல்! மருமகனுக்கு டிஸ்னி கப்பல், சின்னவளுக்கு நாலு வயது என்பதால். மகளுக்கு சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்க வேண்டும், வீடு பக்கம், யாரும் அலைய வேண்டாம். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டெல்லா, எல்லோரும் கப்பலைத்தான் பார்க்கிறார்கள், அது போகிற வழியை யாரும் பார்க்கவில்லை. நான் வழியைத்தான் முதலில் பார்த்தேன்.

நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸ்காரர் அழகான தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். மேலே பனியாற்றுப் படம், உள்ளே அட்டவணை. வரி வரியாகப் படித்துப் பார்த்தால், கப்பல் ஒரு பனியாற்றின் பக்கமும் போகவில்லை! அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் இறங்கி பஸ்ஸில் போய் மெண்டன்ஹால் பனியாற்றை ஏரிக்கு இக்கரையில் நின்று பார்ப்பதோடு முடிந்தது. மெண்டன்ஹாலும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடலில் முடிகிற பனியாற்றின் முன்னால் கப்பலிலேயே போய் நிற்பது வேறு. அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கப்பல் போகிற பனியாறுகள் பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று ஹப்பர்டு. முகமே பத்து கிலோமீட்டர் அகலம், மலையிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு வருகிறது. உலகத்தில் பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்க, இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-லும் 2002-லும் பக்கத்து ஃபியர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்த இடத்தின், வாயையே அடைத்து அதை ஏரியாக்கிவிட்டது. எனக்கு ஆசைதான். ஆனால் அதற்கு அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலில் போக வேண்டும், ஆட்டம் இருக்கும். உன்னை வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்று கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அடுத்தது ஜூனோவுக்குத் தெற்கே ட்ரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்ற இரண்டு ஒடுக்கமான ஃபியர்டுகள். இதை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் 10 அதிகாலையில் ட்ரேசி ஆர்மில் பனியாற்றின் பக்கத்து மலைச்சரிவு அப்படியே பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. பனியாறு பின்வாங்கினால் அதுவரை அதன்மேல் சாய்ந்து நின்ற மலை தாங்கல் இழந்துவிடும். பெரிய அலை எழுந்து, தூரத்துத் தீவொன்றில் கூடாரம் போட்டிருந்தவர்களின் சாமான்களை அடித்துக்கொண்டு போனது. யாரும் சாகவில்லை. அதன்பிறகு பல கம்பெனிகள் அந்தப் பக்கம் போவதை விட்டு எண்டிகாட் ஆர்முக்கு மாறிவிட்டன. இதைப் படித்த ராத்திரி முழுக்க உன் நினைவுதான்.

மூன்றாவது கிளேசியர் பே என்ற விரிகுடா, தேசியப் பூங்கா. நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்கு மேல் விடமாட்டார்கள். எல்லாக் கம்பெனிக்கும் அனுமதி கிடையாது. ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் கப்பல்கள்தான் அதிகம், நார்வீஜியனிலும் சில போகும். டிஸ்னி போகாது, மருமகனிடம் சொன்னேன், முகம் வாடிவிட்டது. காலையில் பூங்காவின் ரேஞ்சர்கள் படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு, நாள் முழுக்க மேல்தளத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் தருவார்கள், பார்த்ததை எழுதி முடித்தால் பேட்ஜ் உண்டு. இதைச் சொன்னதும் பேரன் கண்ணாடிக் கூண்டைக் கொஞ்சம் மறந்தான். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பலை நிறுத்தி, இரண்டு பக்கத்தாரும் பார்க்கும்படி மெல்லத் திருப்புவார்கள். அதனால் பால்கனி எந்தப் பக்கம் என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நீலத்தைப் பார்க்க வேண்டும் ஸ்டெல்லா! இறுகிய பனி வெளிச்சத்தின் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் வெளியே விடும். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை.

1794-ல் ஆங்கிலேயக் கப்பற்படை அந்தக் கரையை அளக்கப் போனபோது விரிகுடாவே கிடையாது. உள்ளே எட்டு கிலோமீட்டருக்கு ஒரு சிறு வளைவு, அதற்கப்புறம் பனிச்சுவர். அந்தச் சுவர் பின்வாங்கிப் பின்வாங்கி இன்று நூறு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. கப்பல் ஓடுகிற தண்ணீர் முழுக்க அன்றைக்குப் பனியாக இருந்தது. அதற்கும் முன்னால், 1700-களில், அங்கே ஹூனா ட்லிங்கிட் என்ற பூர்வகுடி மக்களின் ஊர் இருந்தது. பனியாறு நாய் ஓடும் வேகத்தில் வந்தது என்று அவர்களுடைய வாய்மொழிக் கதை சொல்கிறது. ஊரே போயிற்று, ஓடித் தப்பினார்கள். பனி விலகிய பிறகும் அங்கே ஊராகக் குடியேற முடியவில்லை. 2016-ல்தான் பார்ட்லெட் கோவ் கரையில் அவர்களுடைய பெரிய குலவீடு ஒன்று எழும்பியது. கப்பலில் ரேஞ்சர்களோடு அந்த மக்களில் ஒருவரும் ஏறி இந்தக் கதையைச் சொல்வதுண்டு. இதைப் படித்ததும் எனக்குச் சுனாமி அடித்துப்போன கொட்டில்பாடும் மணக்குடிப் பாலமும் கண்முன் வந்து நின்றன.

2004 டிசம்பருக்குப் பிறகு நீ குளச்சல் கடற்கரையில் கால் வைக்கவில்லை. அக்காவின் நினைவுத் திருப்பலிக்கு வந்தாலும் கோயிலோடு திரும்பி பஸ் ஏறிவிடுவாய். நான் ஒருநாளும் வா என்று இழுத்ததில்லை, இனியும் இழுக்கமாட்டேன். கப்பலில் பயமே இருக்காது என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் உனக்காகத்தான் இந்த வழியைத் தேடினேன். சியாட்டிலிலிருந்து புறப்படும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் வெளிப்பக்கமாக, பசிபிக்கின் திறந்த கடலில் போகும். வான்கூவர் நகரத்தில் ஏறினால் தீவுக்கும் கரைக்கும் நடுவே, இரண்டு பக்கமும் காடும் மலையும் தெரிய, உள்வழியாகப் போகும். நடுவில் சில மணி நேரம்தான் திறந்த கடல், அதையும் பெரும்பாலும் தூங்குகிற நேரத்தில் கடந்துவிடும். பேச்சிப்பாறை அணையில் நீ என்னோடு படகில் வந்தாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு உனக்கு ஒன்றும் ஆகவில்லை. கரை கண்ணுக்குத் தெரிந்தால் நீ தாங்குவாய் என்பது என் எண்ணம்.

அதனால் நான் சொல்வது: வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கும் ஹாலண்ட் அமெரிக்கா கப்பல், ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன், கிளேசியர் பே. கப்பல் நடுத்தரம். வயதானவர்கள் அதிகம் போகிற கம்பெனி என்று மருமகன் முனகுகிறார். மூன்று வயதிலிருந்து பிள்ளைகளுக்குத் தனி இடமும் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு என்று காட்டினேன். பிரின்சஸும் நல்லதுதான், ஆனால் அதில் வான்கூவரில் ஏறினால் பெரும்பாலும் அலாஸ்காவில் இறங்கி விமானம் பிடிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் இவர் முட்டுவலியையும் வைத்துக்கொண்டு அது நடக்காது. மகளுக்கு சியாட்டிலிலிருந்து வான்கூவர் காரில் எல்லைச் சோதனையோடு அரைநாள்கூட இல்லை. நேற்று அரைமனதாகச் சம்மதித்தாள்.

ஸ்காக்வேயில் இவருக்காகவே ஒரு ரயில் இருக்கிறது. 1898-ல் தங்கம் தேடிப் போனவர்களுக்காகப் போடத் தொடங்கிய பாதை, முப்பத்திரண்டு கிலோமீட்டரில் எண்ணூற்று எழுபது மீட்டர் ஏறுகிறது. உட்கார்ந்தபடியே பார்க்கலாம், முட்டுக்கு வேலையில்லை. ஹெலிகாப்டரில் போய்ப் பனிமேல் இறங்குவதும் உண்டு, அந்த விலையைப் பார்த்ததோடு சரி. கெட்சிகனில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் ஊரின் இரண்டு மழைக்காலத்தையும் சேர்த்தாலும் அதில் பாதி வராது. குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். சாப்பாட்டைப் பற்றி நீ கேட்பாய், கிளேசியர் பேயில் குளிரில் நிற்கிறவர்களுக்கு மேல்தளத்திலேயே சூடாகப் பட்டாணி சூப் கொடுப்பார்களாம். உனக்கு மீன்குழம்பில்லாமல் ஏழு நாள் கஷ்டம்தான், கொஞ்சம் மாசித்தூள் கட்டிக்கொள்.

அறைகளை நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் கேட்டிருக்கிறேன், அங்கே ஆட்டம் குறைவு. கட்டணம் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் போடுவார்கள். ஆள் ஒன்று என்றால் ஏறக்குறைய இரண்டு பேர் காசு கேட்பார்கள். அதனால் நீயும் நானும் ஒரு அறை, இவரும் பேரனும் ஒரு அறை. உன் குறட்டைக்கு நான் ஹாஸ்டலிலேயே பழகிவிட்டேன், கவலைப்படாதே. நடுராத்திரி எழுந்து ஜன்னலைத் திறக்க மட்டும் விடமாட்டேன்.

இனி அவசரமானது. நமக்கு அமெரிக்க விசாவும் வேண்டும், கனடா விசாவும் வேண்டும். கப்பல் கனடாவில் புறப்பட்டு அமெரிக்காவுக்குள் போய்த் திரும்புகிறது, ஒன்றை விட்டால் ஏற்றமாட்டார்கள். அமெரிக்க விசாவுக்கு சென்னையில் நேர்முகம், தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இழுக்காதே, அவனிடம் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன், "அம்மா போகட்டும் சித்தி" என்றான். உன் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார், பயணம் முடிந்து ஆறு மாதம்கூட அது செல்லாது என்றால் நாளைக்கே புதுப்பிக்கக் கொடு. முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து மகள் நம்பருக்கு அனுப்பு.

வரமுடியாது என்றால் அதையும் நீயே எழுது, போனில் வேண்டாம். போனில் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். வருகிறாய் என்றால் கோட்டு வாங்காதே, மகளிடம் இரண்டு அதிகப்படி இருக்கிறது.

அன்புடன்,
வசந்தா